தையல்காரரை ஏன் ஆடை வடிவமைப்பாளர் ஆக்குகிறீர்கள்?

கிளிநொச்சிப் பக்கத்துத் தையல்கடை ஒன்றின் ஆண்டு நிறைவுத் துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது. அப்பப்பா தொடங்கி, அப்பா நடத்தி, இப்போது பேரன் பார்க்கிற கடை. உள்ளே "மூன்று தலைமுறை ஆடை வடிவமைப்பாளர்களால் இயக்கப்படும் குடும்ப நிறுவனம்" என்று போட்டிருக்கிறது. இந்த ஆடை வடிவமைப்பாளர் இப்போது வன்னியில் பெயர்ப்பலகை, பயிற்சிச் சான்றிதழ், திட்ட அறிக்கை என்று எங்கே பார்த்தாலும் நிற்கிறார். அந்த அப்பப்பாவை யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் வேறு ஆரையோ கூப்பிடுகிறார்கள் என்று மெசினை மிதித்துக்கொண்டே இருந்திருப்பார்.

சரி, சொல்லுக்கு வருவோம். தையல்காரருக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ரெயிலர் என்பது வெட்டுதல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் கத்தரிக்கோலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாங்கள் ஊசியைப் பார்த்து வைத்தோம். காலில் முள் தைப்பதும் துணி தைப்பதும் ஒரே வினைதான். இதற்குமேல் இதில் ஆராய ஒன்றும் இல்லை.

வடிவமைப்பாளர் என்றால் டிசைனர். அவர் வரைவார், நிறம் சொல்வார், ஊசி பிடித்தே ஆகவேண்டும் என்று இல்லை. தையல்காரர் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாவற்றையும் அங்குலக் கணக்கில் கொப்பியில் எழுதி, அந்தப் பக்கத்திலேயே துணியில் ஒரு துண்டை வெட்டிக் குண்டூசியால் குத்தி வைத்து, சோக்கால் கோடு போட்டு, வெட்டித் தைத்து, ஒரு தோள் தாழ்ந்த ஆளுக்கும் அது தெரியாதபடி சேட்டைக் கையில் கொடுக்கிறார். தொண்ணூறுகளில் கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையும் இருந்தது, அப்போதும் கால் மெசினில் பழைய களிசானைப் பிரித்துப் பிள்ளைக்குக் காற்சட்டை தைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். இடம்பெயரும்போது மேசையை விட்டுவிட்டு மெசின் தலையை மட்டும் கழற்றிக் கொண்டுபோன குடும்பங்களும் உண்டு. இந்த வேலைக்கு வடிவமைப்பு என்று பெயர் வைத்தால் தொழில் உயர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தையல் என்பது கூச்சப்படவேண்டிய வேலை என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள் என்பதுதான் அதில் தெரிகிறது.

அடுத்தது எங்கள் தூய தமிழ் அன்பர்கள். 'காரர்' வடமொழியாம், ஆகவே தையலர் என்று எழுத வேண்டுமாம். ஐயா, தையல் என்றால் பெண் என்றும் ஒரு பொருள் இருக்கிறதே? ஔவையார் "தையல்சொல் கேளேல்" என்றதும், பாரதி அதைத் திருப்பி "தையலை உயர்வு செய்" என்றதும் தையல் மெசினைப் பற்றியா? தையலார் என்றால் பழைய பாட்டுகளில் பெண்கள். ஆண்கள் பெண்கள் இரண்டு பேரும் இருந்து தைக்கிற கடையில் தையலர் என்று பலகை போட்டால், இலக்கியம் படித்தவர் ஒருவர் மகளிர் சங்கம் என்று நினைத்து உள்ளே வரக்கூடும். தையலகம் பரவாயில்லை, வெதுப்பகம் போலப் பலகையில் பார்த்துப் பழகிய அமைப்பு, அகம் என்றதுமே இடம் என்று விளங்கிவிடும். ஆளுக்கு விகுதி போடும்போதுதான் சிக்கல்.

இன்னும் சிலர் சிலப்பதிகாரத்துக்கே போய்விடுவார்கள். இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் "துன்ன காரரும் தோலின் துன்னரும்" என்று வருகிறது. துணி தைப்பவரும் தோல் தைப்பவரும். அருமையான சொல்தான், ஆனால் அதிலேயே காரர் உட்கார்ந்திருக்கிறாரே! போதாக்குறைக்கு, பாளியிலும் வடமொழியிலும் தையல்காரருக்குத் துன்னவாய என்று ஒரு சொல் இருக்கிறது. தூய்மை தேடிப் போனவர்கள் அங்கேயும் மாட்டிக்கொள்வார்கள். இளங்கோவடிகளுக்கே ஆகிவந்த காரர் எங்களுக்கு ஆகாதா? தோட்டக்காரர், பால்காரர், கடைக்காரர் எல்லாரையும் என்ன செய்யப் போகிறீர்கள்?

ஊரில் ஆண் என்றால் தையல்கார அண்ணை, பெண் என்றால் சட்டை தைக்கிற அக்கா. எழுத்தில் இருவருக்கும் தையல்காரர் என்றே போடலாம், தையற்காரர் என்று புணர்த்தி எழுதினாலும் சரி. 'காரி' மட்டும் வேண்டாம், அதில் மரியாதை குறைகிறது.

அப்புறம் அந்த 'இயக்கப்படும் குடும்ப நிறுவனம்'. கடை என்ன பஸ்ஸா இயக்குவதற்கு? அப்பப்பா காலத்திலிருந்து நடத்துகிற தையல்கடை என்று எழுதினால் எந்த வாடிக்கையாளருக்கு விளங்காது? மொழிபெயர்ப்பாளர்களுக்கு 'படும்' போடாமல் வசனம் முடிக்கத் தெரியவில்லை. போர் முடிந்த பிறகு இங்கே வந்து குவிந்த திட்ட அறிக்கைகள்தான் இந்தப் பழக்கத்தை வளர்த்தன. அப்படி ஒன்றில் "பயனாளிகளுக்காகத் தைக்கப்பட்ட பயிற்சி" என்றுகூட வாசித்திருக்கிறேன். ரெயிலர் மேட் என்பதை அப்படியே தமிழில் இறக்கியிருக்கிறார்கள். அவரவர் தேவைக்கேற்ற பயிற்சி என்று போட்டால் முடிந்தது. பயிற்சியை எந்த மெசினிலும் தைக்க முடியாது.