அலுவலகத்தில் ‘தபால்’: சொல்லும் பொருளும்

அரசு அலுவலகத்துக்கு மனுவோடு போனவர்களில் பலர் இதைக் கேட்டிருப்பார்கள்: “தபாலில் கொடுத்துட்டுப் போங்க.” முதல்முறை கேட்பவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். நேரில் வந்து நிற்கிறோம், மனு கையில் இருக்கிறது, இதை எதற்குத் தபாலில் போடச் சொல்கிறார்கள்? அதை அப்படியே நம்பி, வெளியே போய்த் தபால் பெட்டி தேடிய ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் மீது தவறே இல்லை. வீட்டில் தபால் என்றால் தபால்காரர் கொண்டுவருவது. அலுவலகத்தில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு.

வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் வந்துசேரும் எழுத்து எதுவானாலும் அங்கே அது தபால். தபால்காரர் தந்த உறை, கூரியரில் வந்த கட்டு, பக்கத்து அலுவலக உதவியாளர் கையெழுத்துப் புத்தகத்தோடு கொண்டுவந்த கடிதம், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் வாங்கிய மனு, மின்னஞ்சலில் வந்து அச்செடுத்த தாள் என எல்லாமே தபால்தான். எந்த வழியில் வந்தது என்பது பெரிதில்லை. உள்ளே வந்துவிட்டது, இனி இதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடமைதான் இந்தச் சொல்லின் அலுவலகப் பொருள். “இன்னைக்குத் தபால் பாத்தாச்சா?” என்று அதிகாரி கேட்கும்போது அவர் கேட்பதும் இதைத்தான்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். தபால் தமிழ் வேரில் பிறந்தது இல்லை. மராத்தியில் ‘டபால்’, கன்னடத்தில் ‘டபாலு’, தெலுங்கில் ‘தபாலா’, மலையாளத்தில் நம்மைப் போலவே ‘தபால்’. தெற்கிலும் மேற்கிலும் வழங்கும் சொல் இது. வடக்கே இதன் இடத்தில் ‘டாக்’ இருக்கிறது. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி, இதன் மூலம் தெளிவாக இல்லை என்றே எழுதியது. தெலுங்கு அகராதி செய்த சி.பி. பிரவுன், பயணத்தின் ஒரு கட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ‘எதாப்’ என்பதோடு இதை ஒட்டிப் பார்த்தார். பீம்ஸ் என்ற மொழியறிஞர் கடிதத்தில் முத்திரை குத்தும் இடம் என்று விளக்கம் சொன்னார். எனக்குப் பொருத்தமாகப் படுவது மராத்தியில் இன்றும் வழங்கும் ‘டப்பா’ என்ற சொல்தான். நம் தகர டப்பாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒருவர் ஓடி முடித்து அடுத்தவர் கையில் பையை மாற்றித் தரும் இடைத்தூரம், அதாவது ஒரு கட்டம், அங்கே டப்பா. தஞ்சையில் 1676-இல் தொடங்கிய மராட்டியர் ஆட்சியும், அப்புறம் வந்த கிழக்கிந்தியக் கும்பினி நிர்வாகமும் நம் அலுவலகப் பேச்சில் இப்படி எத்தனையோ சொற்களை விட்டுச் சென்றன. சென்னைக் கோட்டையில் 1786-இல் பொதுத் தபால் நிலையம் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்தச் சொல் ஊர் ஊராகப் போய்ச் சேர வழி கிடைத்துவிட்டது.

இதற்கு நேரான சொல்லாக நாம் வைத்திருப்பது ‘அஞ்சல்’. இதைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது கும்பினியின் பிரதிநிதியாக இருந்த மன்றோ, தூதரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘ஏஞ்சலோஸ்’ என்பதிலிருந்து இந்தப் பெயரை வைத்தாராம். நான் இதை ஏற்கவில்லை. மன்றோ திருவிதாங்கூருக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் 1672-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கடிதப் போக்குவரத்துக்குக் கன்னடத்தில் ‘அஞ்செ’ என்றுதான் பெயர். இன்றும் கன்னடத்தில் தபால் அஞ்செதான். தெலுங்கில் ‘அஞ்செ’ என்றால் வழியில் ஆளோ குதிரையோ மாறும் கட்டம். அக்கம்பக்கத்து மொழிகளில் இவ்வளவு வலுவாக வேர் இருக்கும்போது கிரேக்கம் வரை போவது எதற்கு?

ஆக, அஞ்சலின் உள்ளே இருப்பதும் கைமாற்றிக் கொடுப்பதுதான். தமிழில் இதற்கு இரண்டு நல்ல சான்றுகள் இருக்கின்றன. இலங்கைத் தமிழர்கள் விளையாட்டுப் போட்டியில் நான்கு பேர் கோலை மாற்றி மாற்றி ஓடுவதை ‘அஞ்சல் ஓட்டம்’ என்கிறார்கள். நாம் ‘தொடர் ஓட்டம்’ என்று சொல்வது அங்கே அஞ்சல். இன்னொன்று வானொலி. ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை வேறொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதற்கு ‘அஞ்சல் செய்வது’ என்று பெயர். ‘டெல்லி அஞ்சல்’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அங்கே உறையும் இல்லை, தபால்தலையும் இல்லை. ஒரு கை தந்ததை மறு கை வாங்கி அடுத்தவருக்குத் தருகிறது, அவ்வளவுதான்.

திருவிதாங்கூர் அஞ்சலில் மணி கட்டிய கோலோடு பை சுமந்து ஓடியவர்கள் இருந்தார்கள். அந்த அமைப்பு 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956-இல். அதனால் தமிழ்நாட்டின் ஒரு பகுதி மக்களுக்கு அஞ்சல் என்பது அரசாணை போட்டு வந்த புதுச்சொல் இல்லை, தாத்தா காலத்திலிருந்தே வழங்கிய சொல்.

பழைய இலக்கியத்தில் ‘அஞ்சல்’ என்று வந்தால் அது வேறு. அங்கே ‘அஞ்சாதே’ என்று பொருள். இரண்டையும் சேர்த்துப் புதுப் பொருள் கட்ட வேண்டியதில்லை.

சரி, இந்த இரண்டு சொல்லும் வருவதற்கு முன்பு தமிழில் என்ன இருந்தது? ஓலை இருந்தது, முடங்கல் இருந்தது, திருமுகம் இருந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி எழுதிய முதல் கடிதத்தைக் கோவலன் வாங்க மறுத்துவிடுகிறான். இரண்டாவது கடிதத்தைக் கோசிகன் மதுரை வழியில் தேடிப் போய்க் கொடுக்கிறான். இளங்கோ அதை ‘மண்ணுடை முடங்கல்’ என்கிறார். மண் இலச்சினை வைத்து மூடிய ஓலை. கோவலன் அதைப் படித்துவிட்டு, இதில் இருக்கும் வாசகம் என் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதற்கும் பொருந்துகிறது, இதையே அவர்களிடம் காட்டு என்று திருப்பிக் கொடுத்தனுப்புகிறான். ஏற்க மறுத்தது, முத்திரையோடு நேரில் சேர்ப்பித்தது, வந்த கடிதத்தையே வேறொருவருக்கு அனுப்பியது என மூன்றும் ஒரே கதையில் இருக்கின்றன.

சோழர் அலுவலகம் இன்னும் வியப்பானது. அரசன் வாய்மொழியாகச் சொல்வதை எழுத ‘திருமந்திர ஓலை’ என்ற அலுவலர். எழுதியதைச் சரிபார்த்து ஒப்பமிட ‘திருமந்திர ஓலைநாயகம்’. வரி பற்றிய ஆணையானால் அது ‘வரிப்பொத்தக’த்தில் பதிவாகும். பிறகு திருமுகமாக ஊருக்குப் போகும். வந்த ஆணையை நாட்டார், அதாவது அந்தப் பகுதியின் சபையினர், எப்படி வாங்கினார்கள் என்பதைச் செப்பேடுகள் சொல்கின்றன: திருமுகம் கண்டு எதிரெழுந்து சென்று, தொழுது வாங்கி, தலைமேல் வைத்து. அது அரசன் எழுதியது என்பதால் வந்த மரியாதை. இன்று குடிமகன் எழுதி அரசுக்குக் கொடுக்கும் தாளுக்கு அதே அளவு கவனம் வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். அந்தக் கவனத்துக்குத்தான் முத்திரையும் எண்ணும் பதிவேடும் இருக்கின்றன.

இனித் தபால் மேசைக்கு வருவோம். வந்த உறைகளைப் பிரித்ததும் முதல் வேலை, ஒவ்வொரு தாளிலும் அலுவலகத் தேதி முத்திரை வைப்பது. காசோலையோ வரைவோலையோ இருந்தால் அதை உடனே தனிப் பதிவேட்டில் ஏற்றிப் பாதுகாப்பில் வைக்க வேண்டும். பிறகு தாள்கள் அதிகாரியின் பார்வைக்குப் போகும். அவர் சுருக்கொப்பம் இட்டு, அவசரம் என்றால் ஓரத்தில் குறித்து அனுப்புவார். எந்தத் தாள் எந்தப் பிரிவுக்கு என்று அ1, ஆ3 என்பது போலக் குறித்து, எண் கொடுத்துப் ‘பகிர்மானப் பதிவேட்டில்’ எழுதுவார்கள். பிரிவு எழுத்தர் கையெழுத்திட்டு வாங்கித் தன் ‘தன்பதிவேட்டில்’ ஏற்றுவார். அந்த நொடியில் தபால் தன் பெயரை இழந்து ‘நடப்பு’ ஆகிறது.

இந்த ‘நடப்பு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். பேச்சில் ‘கரண்ட்’ என்பார்கள்: “இதுக்குக் கரண்ட் நம்பர் போட்டாச்சா?” ஆங்கில அலுவலக வழக்கில் முடிவாகாமல் ஓடிக்கொண்டிருக்கும் தாளுக்கு அப்படிப் பெயர். அதைத் தமிழாக்கியவர் ‘நட’ என்ற வினையைப் பிடித்தார். நடந்துகொண்டிருப்பது நடப்பு, நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டியது. அரசுக் கடிதத்தின் தலையில் ‘ந.க.எண்’ என்று பார்க்கிறோமே, அதன் முதல் எழுத்து இந்த நடப்புதான். வேலை முடிந்து கோப்பை மூடும்போது எண்ணின் முன்னொட்டு மாறும். ஓராண்டு வைத்திருக்க வேண்டியது ஓ.மு., மூன்றாண்டுக்கு மூ.மு., பத்தாண்டுக்கு ப.மு., நிரந்தரமாகக் காக்க வேண்டியது நி.மு. இரண்டு எழுத்தைப் பார்த்தே அந்தத் தாளின் ஆயுளைச் சொல்லிவிடலாம்.

முத்திரைத் தேதியின் மதிப்பு எனக்குப் புரிந்தது ஒரு தவறால்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் அலுவலகத்தில், ஓய்வூதியம் கேட்டு ஒரு அம்மா எழுதிய மனு வேறொரு பெரிய உறையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. பல வாரம் கழித்து அவர் வந்து கேட்டபோது, அப்படி ஒரு மனு வரவே இல்லை என்று சொல்லி அனுப்பினோம். அவர் பொய் சொல்லவில்லை என்பது கோப்பறையில் அந்த உறையைப் பிரித்தபோது தெரிந்தது. அன்றிலிருந்து, பிரித்த உறையை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்காமல் நான் கீழே போடுவதில்லை.

சட்டத்திலும் அந்தத் தேதிக்கு வேலை இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் சார்ந்ததானால் 48 மணி நேரம். வேறு அலுவலகத்துக்கு உரியதானால் 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது தபால் மேசையில்.

தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அலுவலகச் சொற்களைத் தமிழாக்கும் வேலை முறையாக நடந்தது. தபாலுக்கு அஞ்சல் வந்தது. பெயர்ப்பலகை மாறியது, வாய் முழுதாக மாறவில்லை. தபால்காரர், தபால் ஓட்டு, தபால்தலை எல்லாம் பேச்சில் அப்படியே இருக்கின்றன. இலங்கையில் தபாலகம், உபதபாலகம் என்று பலகையிலும் தபாலைப் பார்க்கலாம். ஆனால் மின்னஞ்சல் வந்தபோது யாரும் ‘மின்தபால்’ என்று சொல்லவில்லை. அஞ்சல் அந்த இடத்தில் முழுசாக வென்றது. அதனால் அஞ்சல் செயற்கையான சொல், நிற்காது என்று சொல்பவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சிக்கல் ‘இன்வர்ட்’, ‘டெஸ்பாட்ச்’ என்ற இணையில்தான் இருக்கிறது. முதலாவதை ‘வருகைப் பதிவேடு’ என்று எழுதினால் அது ஊழியர்கள் கையெழுத்துப் போடும் பதிவேடாகிவிடும். ‘வரவு’ என்றால் பணக்கணக்கு நினைவு வரும். ‘உள்வரும் கடிதம், வெளிச்செல்லும் கடிதம்’ என்பது புரியும், ஆனால் பதிவேட்டின் முதுகில் எழுத நீளம். எனக்குச் சரியாகத் தோன்றும் இணை ‘பெறுகை’, ‘அனுப்புகை’. கடிதம் எழுதப் பழகும் பள்ளிப்பிள்ளைக்கும் அனுப்புநர், பெறுநர் தெரியும். அதே வேர்கள்தான் இவை. அனுப்புகைப் பிரிவு, அனுப்புகைப் பதிவேடு என்று பாதி ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. மறுபாதியையும் சேர்த்துக்கொண்டால் போதும். மேசையின் பெயராகத் தபாலை விட்டுவைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. மனு கொடுக்க வருபவருக்குப் புரிவது முக்கியம். “தபாலில் கொடுங்க” என்பதைவிட “பெறுகை மேசையில் கொடுத்து எண் வாங்கிக்கோங்க” என்றால் அந்தப் பெரியவர் வெளியே போயிருக்க மாட்டார்.

கடைசியாக அனுப்புகை. அதிகாரி வரைவில் ஒப்பமிட்டதும் ‘சுத்த நகல்’ எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, கையெழுத்து வாங்கி, எண்ணும் தேதியும் இட்டு, உறையிலிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். செலவான அஞ்சல்வில்லைக்குத் தனிக் கணக்கு உண்டு. சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவு அஞ்சலில் அனுப்பினால், மாறாக நிரூபிக்கப்படாத வரை அது சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்கிறது 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம். தனிச் சேவையாக இருந்த பதிவுத்தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டாலும், அனுப்பியதற்கான ரசீதை ஒட்டிவைக்கும் வழக்கம் பதிவேடுகளில் தொடர்கிறது. வாங்கியவர் கையெழுத்திட்ட சான்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர் ‘ஒப்புகை’. அந்த ஒப்புகை நம் அலுவலகத்துக்குத் திரும்பி வரும்போது அதுவும் ஒரு தபால்தான். காலையில் மற்ற தாள்களோடு மேசைக்கு வரும், தேதி முத்திரை வாங்கும், உரிய பிரிவுக்குப் போய் அந்தக் கோப்பிலேயே சேரும்.