கையெழுத்துக்கு முன் கணக்கு: பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கு ஒரு தணிக்கையாளர் சொல்வது

அரசுப் பள்ளிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் இருக்கும் என்னிடம், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்வான பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எங்களுக்கு என்ன சார் அதிகாரம் இருக்கு?" சட்டத்தைத் திறந்து பார்த்தால் விடை சிறியதன்று. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆவது பிரிவு, பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்பதைக் கண்காணிப்பது ஆகியவற்றை இக்குழுவின் பணிகளாக வகுத்திருக்கிறது. நிதி என்று சொல்லும்போது அரசும் உள்ளாட்சியும் தருவதோடு சட்டம் நின்றுவிடவில்லை. வேறு எந்த வழியில் வந்த பணமும் அதில் அடங்கும் என்கிறது. முன்னாள் மாணவர் கொடுத்த நன்கொடையும், ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டிக் கொடுத்த கழிப்பறையும் குழுவின் கண்பார்வைக்கு உட்பட்டவையே. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், சரிபாதியினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் மட்டும் இக்குழு ஆலோசனை சொல்லும் அமைப்பாகவே இருக்கும் என்று 2012 இல் வந்த திருத்தம் வரையறுத்தது.

ஆக, அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. அது பள்ளிக்குள் வந்து சேர்கிறதா என்பதை அறிய நான் முதலில் கேட்டு வாங்குவது தீர்மானப் பதிவேட்டை. பல பள்ளிகளில் அந்தப் பதிவேடு குறை சொல்ல முடியாத ஒழுங்கில் இருக்கும். மாதந்தோறும் கூட்டம் நடந்திருக்கும்; வருகைப் பக்கத்தில் கையெழுத்துகள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொரு பொருளும் "ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று முடிந்திருக்கும். கூர்ந்து பார்த்தால்தான் வேறு சில தெரியவரும். ஆறு மாதத் தீர்மானங்கள் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். "பழுது நீக்கப் பணிகள் மேற்கொள்ளலாம்" என்று இருக்கும்; எந்தப் பணி, எவ்வளவு தொகை என்று இருக்காது. பணிக்கான ரசீதின் தேதி தீர்மானத்தின் தேதிக்கு முந்தையதாக இருக்கும். மூன்று கடைகளிலிருந்து பெற்ற விலைப்புள்ளிகள் மூன்றும் ஒரே ஆள் எழுதியவையாக இருப்பதையும் நான் பார்த்ததுண்டு.

இவையெல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. மிகப் பல பள்ளிகளில் வேலை உண்மையாகவே நடந்திருக்கும், தாள் மட்டும் பின்னால் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் தாள் பின்னால் வரும் பழக்கம் வேரூன்றிய இடத்தில், நடந்த வேலைக்கும் நடக்காத வேலைக்கும் ஒரே மாதிரியான தாளைத் தயார் செய்துவிட முடியும் என்பதுதான் சிக்கல். தணிக்கையின் எல்லையை இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தீர்மானமும் ரசீதும் ரொக்கப் பதிவேடும் இருப்புப் பதிவேடும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைத்தான் எங்களால் உறுதிசெய்ய முடியும். மாணவியர் கழிப்பறைக்குக் குழாய் மாற்றியதாக ரசீது இருந்தால் நாங்கள் அதைச் செலவாக ஏற்றுக்கொள்வோம். அந்தக் குழாயில் ஜூலை மாதத்தில் தண்ணீர் வந்ததா என்பது அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தும் சிறுமிக்குத்தான் தெரியும், அவள் வழியாக அவளுடைய அம்மாவுக்குத் தெரியும். அந்த அம்மாவைக் குழுவில் உட்கார வைத்ததன் காரணமே அதுதான். அவர் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டால், அவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி கணக்குக்குள் வராமலே போய்விடுகிறது. நாங்களும் குறையேதும் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்விடுகிறோம்.

தமிழ்நாட்டில் பள்ளி நிர்வாகம் ஊரின் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்கள் சில அரசுப் பள்ளிகளை இன்னமும் 'போர்டு ஸ்கூல்' என்றே சொல்கிறார்கள். ஜில்லா போர்டு எனப்பட்ட மாவட்டக் கழகங்கள் நடத்திய உயர்நிலைப் பள்ளிகளின் மிச்சம் அந்தப் பெயர். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் நகராட்சிப் பள்ளிகளிலும் பணியாற்றிய ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்களானார்கள். அவர்கள் அதைக் கொண்டாடியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன: ஊதியம் உறுதியாயிற்று, உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர்களின் தயவில் பணி செய்ய வேண்டிய நிலை குறைந்தது. அந்த மாற்றம் சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால் ஆசிரியரின் பாதுகாப்போடு சேர்ந்து, ஊருக்குப் பதில் சொல்லும் கடமையும் பள்ளியை விட்டு மேலே போய்விட்டது. பள்ளிப் பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற சொற்கள் நீடிக்க, பதில் சொல்லும் திசை வட்டாரக் கல்வி அலுவலகம் நோக்கித் திரும்பிற்று. 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தொடக்க, இடைநிலைப் பள்ளிக் கல்வியைப் பதினோராம் அட்டவணையில், ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்க பொருள்களுள் ஒன்றாகச் சேர்த்த பிறகும் இந்தத் திசை பெரிதாக மாறவில்லை. ஆசிரியரின் வேலையில் கைவைக்காமல் பள்ளியின் பணத்தையும் பணியையும் மட்டும் ஊர் கண்காணிக்கலாம் என்ற ஏற்பாடாகவே மேலாண்மைக் குழுவை நான் பார்க்கிறேன்.

2022 மார்ச் மாதத்தில் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பரப்புரையுடன் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இக்குழுக்களை மறுகட்டமைக்கும் பணியைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அப்போது 20 உறுப்பினர்களாக இருந்த குழு, 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் கொண்டதாயிற்று. அதற்கு முன்பு பல ஊர்களில் குழு இருப்பதே பெற்றோருக்குத் தெரியாது. அந்த நிலை மாறியிருப்பது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் பெரும்பாலான பள்ளிகளில் தலைவியாக இருக்கும் தாய், வயல் வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ போகிறவர். "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா, ஆபீசுல கேக்கறாங்க" என்று தலைமை ஆசிரியர் சொல்லும்போது, "படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன் சார்" என்று பதில் சொல்ல, தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் ஒரு தாய்க்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பணம் எவ்வளவு என்பது தெரிந்தால் அந்தத் துணிவு கொஞ்சம் எளிதாகும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் வழங்கப்பட வேண்டிய பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 31 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய், 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பெரிய தொகையன்று, மின்கட்டணமும் சில்லறைப் பழுதுகளும் எழுதுபொருளும் இதற்குள் அடங்கியாக வேண்டும். தொகை சிறியது என்பதாலேயே, பத்து நிமிடத்தில் ஒரு குழு முழுக் கணக்கையும் படித்து முடித்துவிட முடியும். மானியம் எந்த மாதத்தில் வந்தது என்பதையும் கேட்க வேண்டும். 2021 முதல் நடைமுறையில் உள்ள ஒற்றை முகமைக் கணக்கு முறையில் பணம் பள்ளியின் கணக்கில் தங்குவதில்லை. செலவு செய்வதற்கான வரம்புதான் பள்ளிக்கு ஒதுக்கப்படுகிறது, செலவிடாத வரம்பு நிதியாண்டு முடிவில் கைவிட்டுப் போய்விடும். ஆண்டின் கடைசி வாரங்களில் வரம்பு வந்துசேர்ந்தால், எதையாவது வாங்கி எப்படியாவது ரசீது வைத்துவிட வேண்டும் என்ற நெருக்கடி தலைமை ஆசிரியருக்கு ஏற்படுகிறது. நான் பார்த்த மோசமான ரசீதுகளில் பெரும்பான்மை மார்ச் மாதத் தேதி கொண்டவை. இதற்கான பொறுப்பைப் பள்ளியின்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. மாதிரிப் பள்ளிகளுக்கான ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தை ஒட்டிய பிணக்கில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024-25 ஆம் ஆண்டில் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததாகத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. மேலே இருப்பவர்களின் வழக்கில், கீழே இருக்கும் குழு கண்காணிப்பதற்கே பணம் இல்லாமல் போகலாம்.

குழுவுக்கு உண்மையான அதிகாரம் வந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு 2022 ஆம் ஆண்டே ஒரு சான்றைத் தந்தது. அந்த ஆண்டு 13,331 ஆசிரியர் பணியிடங்களை மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பலாம் என்று அரசு அறிவித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று மதிப்பூதியமும் சொல்லப்பட்டது. தகுதித் தேர்வில் வென்றவர்கள் காத்திருக்க, வேண்டியவர்களுக்கு வேலை போய்விடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளுக்குப் பிறகே நியமனங்கள் தொடர்ந்தன. ஊரிடம் அதிகாரம் கொடுத்தால் சொந்தக்காரருக்குத்தான் போகும் என்று இதை வைத்து முடிவு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விண்ணப்பித்தவர் யார் யார், அவர்களின் தகுதி என்ன, ஏன் இவர் தேர்வானார் என்ற மூன்று செய்திகளைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் ஐயங்களில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்திருக்கும். பலகையில் எதையும் ஒட்டாமல் ஒரு தாளில் முடிவு செய்வது, சென்னையில் நடந்தாலும் ஊரில் நடந்தாலும் ஒரே அளவு ஐயத்துக்குரியது.

மேலாண்மைக் குழுவோடு பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் குழப்பிக்கொள்வதும் வழக்கமாக இருக்கிறது. கழகம் தனி அமைப்பு, அதன் கணக்கும் தனி. சேர்க்கையின்போது வாங்கப்படும் தொகைக்கு ரசீது இல்லாமல் போவதும், ஆண்டு விழா வசூல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போவதும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். தணிக்கைக்கு எங்களிடம் வரும் கணக்கில் அந்தப் பணம் இருப்பதே இல்லை. "வேறு எந்த வழியிலும் வந்த நிதி" என்ற சட்டச் சொற்களைச் சுட்டிக்காட்டி, கழகத்தின் வரவுசெலவையும் ஆண்டுக்கு ஒருமுறை தன் கூட்டத்தில் வைக்கும்படி மேலாண்மைக் குழு கேட்கலாம். கட்டணம் ஏதும் இன்றிப் படிக்கும் உரிமை பெற்ற பிள்ளையிடம் கட்டாய வசூல் நடக்கிறதென்றால், 32 ஆவது பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் அது முடிவு சொல்ல வேண்டும், சொன்ன முடிவில் நிறைவில்லையென்றால் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

குழுவில் இல்லாத பெற்றோருக்கும் வழிகள் உண்டு. பள்ளிகளின் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் யூடைஸ் பிளஸ் என்ற அரசு இணையதளத்தில் தம் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை விவரங்களை எவரும் பார்க்கலாம். பள்ளியே நிரப்பித் தந்த அந்த விவரமும் கண்ணால் காணும் நிலையும் வேறுபட்டால், அதுவே கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் தகவல் தரப்பட வேண்டும், பதிவேடுகளை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். ஆனால் அதை முதல் நாளே கையில் எடுக்க வேண்டாம் என்பது என் அனுபவம் சொல்லும் எச்சரிக்கை. விண்ணப்பம் வந்த நிமிடமே தலைமை ஆசிரியர் தற்காப்பு மனநிலைக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு வாய்மொழியாகக் கிடைத்துவந்த விவரமும் நின்றுவிடுகிறது. கிராம சபையில் பள்ளிக் குழுவின் தீர்மானங்களை வாசிக்கக் கேட்பது அதைவிட நயமான வழி. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அவற்றில் ஏதேனும் இரண்டில் பள்ளியைப் பற்றிப் பேசினாலே போதும்.

உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்காகக் குழுவில் ஒதுக்கப்பட்ட இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்களின் பொறுப்புக்கு நிர்வாகம் போயிற்று. வார்டு உறுப்பினரே இல்லாத ஊரில், குடிநீர் இணைப்பையோ சுற்றுச்சுவரையோ ஊராட்சியிடம் கேட்டு வாங்கித் தர வேண்டியவரின் நாற்காலி பெயரளவில்தான் இருக்க முடியும்.

தலைமை ஆசிரியர்கள் இதைப் படித்துச் சினம் கொள்ளலாம். மானியம் வரும்வரை காத்திராமல் தம் சொந்தப் பணத்தில் மின்விளக்கு வாங்கிப் போட்டு, அதைத் திரும்பப் பெற வழி தெரியாமல் விழிக்கும் தலைமை ஆசிரியர்களை நான் நன்கறிவேன். அவர்களுக்கு நான் சொல்வது: தேதியும் தொகையும் உள்ள தீர்மானம் உங்களுக்குத்தான் முதல் பாதுகாப்பு. ஓய்வு பெறும் நேரத்தில் தணிக்கைத் தடை, அதாவது கணக்கில் தணிக்கையாளரின் ஆட்சேபம், எழுந்து பணப்பயன் நிற்கும்போது, 'குழு ஒப்புதல் அளித்தது' என்று காட்ட அந்தப் பக்கம் மட்டுமே இருக்கும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதம் இவ்வளவு என்று மாதத்துக்கு மூன்று வரி அறிவிப்புப் பலகையில் எழுதுவதற்கு எந்த மேலதிகாரியின் அனுமதியும் வேண்டியதில்லை.

குழுவின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். அடுத்த மறுகட்டமைப்புக்காகப் பெற்றோர் கூடும்போது, பழைய குழு தன் இரண்டாண்டு வரவுசெலவை வாசித்த பிறகே புதிய குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பெற்றோரில் எவரேனும் ஒருவர் எழுந்து கேட்கலாம். நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அதை வாசித்து முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கேட்பவரின் பெயரும், அவருக்குச் சொல்லப்பட்ட பதிலும் அன்றைய தீர்மானப் பதிவேட்டில் ஏறிவிட்டால், தணிக்கைக்கு வரும் என்னைப் போன்றவர்கள் அந்தப் பக்கத்தை ஒருபோதும் புரட்டிவிட்டுப் போக மாட்டோம்.