ஆற்று இறால் தலையிலிருந்துதான் கெடும்

கர்நாடகத்தில் மழை ஓய்ந்து, ஒகேனக்கல்லில் செம்மண் நிறத் தண்ணீர் மெல்லத் தெளியும் நாட்களில் பென்னாகரம் சாலையோரம் அன்னக்கூடையும் ஈரத் துணியுமாகச் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். கூடையில் ஆற்று இறால். பெரும்பாலும் விரல் நீளம்தான். உயிரோடு இருக்கும்போது உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். முதுகுக்குள் குடல் ஒரு கறுப்பு நூலாக ஓடுவதுகூடத் தெரியும். கொஞ்சம் பெரிய ஆண் இறாலுக்கு இரண்டு நீளக் கைகள் இருக்கும். இந்தப் பேரினத்துக்கு அறிவியலில் மேக்ரோபிராக்கியம் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘நீளக் கை’ என்று பொருள்.

நம் பக்கம் கடல் இல்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ‘எறா’ என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது சந்தையில் கருவாட்டுக் கடையில் குவித்து வைத்திருக்கும் காய்ந்த கூனிதான். பச்சை இறால் வேண்டுமென்றால் அது கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வர வேண்டும். விடியற்காலையில் கூட்டில் அகப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சாலைக்கு வந்துவிடும் ஆற்று இறாலுக்கு அதைவிட நல்ல விலை கிடைக்க வேண்டும் இல்லையா? கிடைப்பதில்லை. காலையில் ஒரு விலை. பதினோரு மணிக்கு அதில் பாதி. உச்சி வெயில் ஏறியதும் “குடுக்கறதக் குடுங்க” என்று முடிகிறது. இந்த விலைச் சரிவுக்குக் காரணம் இறாலின் தலைக்குள் இருக்கும் ஓர் உறுப்பு.

சில வருடங்களுக்கு முன் மதியம் ஒரு மணி வாக்கில் இரண்டு கிலோ வாங்கினேன். மூக்கருகே வைத்துப் பார்த்தேன், நாற்றமே இல்லை. சாயங்காலம் வீட்டில் உரிக்கும்போது தலையை ஒட்டிய சதை விரலில் மாவாக ஒட்டியது. வால் பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தது. அடுத்த வாரம் அதே சாலையில் கூடை வைத்திருந்த ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஓர் இறாலை எடுத்து, தலையும் உடம்பும் சேரும் இடத்தை லேசாக மடக்கிக் காட்டினார். “மோந்து பாத்து வாங்காத கண்ணு. இங்க பாரு. இது இறுக்கமா நின்னா நல்ல எறா. தொங்கிச்சுன்னா வுட்ரு.”

அவர் காட்டிய இடம் சரியான இடம். ‘தலை’ என்று நாம் சொல்வது தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்த பகுதி. இரைப்பை, இதயம், செவுள் எல்லாம் அந்த ஓட்டுக்குள்தான் இருக்கின்றன. கூடவே, மஞ்சளும் பழுப்புமாக, இளகிய வெண்ணெய் போல ஒன்றும் இருக்கும். நம் உடம்பில் கல்லீரலும் கணையமும் தனித்தனியாகச் செய்யும் வேலையை இறாலுக்கு இந்த ஓர் உறுப்பே செய்கிறது. சேற்றில் கிடைக்கும் அழுகிய இலை, புழு, செத்த மீன் எல்லாவற்றையும் கரைக்க வேண்டிய செரிமான நொதிகள் இதில் நிறைந்திருக்கின்றன.

உயிர் இருக்கும்வரை இந்த நொதிகள் அவற்றுக்குரிய குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும். உயிர் போனதும் அந்த உறுப்பின் மெல்லிய சுவர் கசியத் தொடங்குகிறது. முதலில் மாட்டிக்கொள்வது பக்கத்திலேயே இருக்கும் முதல் கண்டத்துச் சதை. சதை இழைகளைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். நொதிகளில் ஒரு வகை குறிப்பாக அந்தக் கொலாஜனை அறுக்கிறது. கட்டு அவிழ்ந்த விறகு போல இழைகள் பிரிந்து சதை கொழகொழக்கிறது. ஆக, வெளியிலிருந்து கிருமி பெருகிக் கெடுப்பதற்கு முன்பே இறால் தன்னைத் தானே செரிக்க ஆரம்பித்துவிடுகிறது. நன்னீர் இறாலின் சதை இப்படிச் சீக்கிரம் குழைந்துபோவதற்குப் பேர்போனது.

தலை கறுப்பது இதிலிருந்து வேறு. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே வகை வேலைதான். செம்பு அடங்கிய ஒரு நொதி, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெலனின் என்ற கரும்பொருளை உண்டாக்குகிறது. உயிருள்ள இறாலுக்கு இது தேவையான நொதி; காயத்தை அடைக்கவும், சட்டை உரித்த பிறகு புது ஓட்டைக் கெட்டிப்படுத்தவும் உதவுகிறது. செத்த பிறகும் அது நிற்காமல் ஓடுவதால் தலையும் கால்களும் கறுக்கின்றன. அந்தக் கறுப்பால் உடம்புக்குக் கெடுதல் கிடையாது. ஆனால் வாங்க வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான், பேரம் அங்கேதான் தொடங்குகிறது. பெரிய வியாபாரத்தில் கறுக்காமலிருக்க சல்பைட் உப்பு போடுவார்கள். அளவு மீறினால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு வரலாம். ஒரு மணி நேர தூரத்தில் விற்கப்போகும் சரக்குக்கு அது தேவையே இல்லை.

சரி, என் மூக்கு ஏன் ஏமாந்தது? கடல் மீனும் கடல் இறாலும் உப்புநீரைச் சமாளிக்க உடம்புக்குள் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கும். செத்ததும் பாக்டீரியா அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றும். மீன் கடை நாற்றம் என்று நாம் அறிந்திருப்பது அதைத்தான். ஆற்றில் வாழும் இறாலுக்கு உப்பைச் சமாளிக்கும் வேலை இல்லை, அதனால் அந்தப் பொருளும் மிகக் குறைவு. சதை குழைய ஆரம்பித்தாலும் நாற்றம் எழாது. கடல் மீனுக்குப் பழகிய மூக்கை வைத்து ஆற்று இறாலை எடைபோட முடியாது. சிலசமயம் வரும் மண்வாசமும் கெட்டதன் அடையாளம் அல்ல. தண்ணீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அது. புளியோ எலுமிச்சையோ சேர்ந்தால் குறையும்.

இத்தனைக்கும் ஒரே மருந்து குளிர்தான். பத்து டிகிரி வெப்பம் குறைந்தால் நொதியின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். முப்பது டிகிரி வெயிலிலிருந்து சுழியத்துக்குக் கொண்டுவந்தால் மூன்று முறை பாதி, அதாவது எட்டில் ஒரு பங்கு. ஒரு மணி நேரத்தில் நடக்கும் கேடு எட்டு மணி நேரத்துக்கு நீளும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ இறாலை முப்பதிலிருந்து சுழியத்துக்குக் குளிர்விக்க முப்பது கிலோகலோரிக்கும் குறைவாகத்தான் வேண்டும். கணக்குப்படி அரைக் கிலோ ஐஸ்கூட அதிகம். ஆனால் பெட்டிக்குள் வெளி வெப்பம் கசிந்துகொண்டே இருக்குமே, அதனால்தான் கிலோவுக்குக் கிலோ போடச் சொல்கிறார்கள். கட்டியாகப் போடாமல் நொறுக்கிப் போட வேண்டும்; அப்போதுதான் ஒவ்வொரு இறாலையும் ஐஸ் தொடும். பெட்டிக்கு அடியில் ஓட்டை இருந்தால் உருகிய தண்ணீர் தலையிலிருந்து கசிந்த நொதிகளையும் கழுவிக்கொண்டு வெளியேறும். தேங்கவிட்டால் அதே தண்ணீரில் இறால் ஊறி ருசி இழக்கும்.

ஈரத் துணி கொஞ்சம் குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். வெயிலில் அதனால் இறாலைச் சுழியத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக முடியாது. ஒரு தெர்மகோல் பெட்டியும் இரண்டு கிலோ நொறுக்கு ஐஸும் இருந்தால் காலை விலை மதியம் வரை நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைவிட நல்லது, வாடிக்கையாளர் வரும்வரை இறாலை ஆற்றிலேயே வலைப் பைக்குள் உயிரோடு வைத்திருப்பது. உயிர் இருக்கும்வரை கெடத் தொடங்காது. நெருக்கி மட்டும் அடைக்கக் கூடாது, சட்டை உரித்து மெத்தென்று இருப்பதை மற்றவை தின்றுவிடும்.

தலையைக் கிள்ளிவிட்டு விற்றால் என்ன? நொதி மூட்டையே போய்விடும், ஐஸில் வைத்தால் சதை நாள்கணக்கில் தாங்கும். இங்கேதான் விற்பவருக்குச் சிக்கல். மேக்ரோபிராக்கியம் இனத்துக்குத் தலை பெரிது. தலையும் கையும் போனால் ஒரு கிலோ ஏறக்குறைய அரைக் கிலோவாகிவிடும். இரட்டிப்பு விலை சொன்னால்தான் அதே காசு வரும், சாலையோரத்தில் அந்த விலையை யாரும் காதில் வாங்குவதில்லை. அன்றைக்கே சமைப்பவருக்குத் தலையோடும், ஓசூருக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோகிறவருக்கு அங்கேயே தலை கிள்ளி, கழுவி, ஐஸ் போட்டும் கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எடையை வாங்குபவர் கண் முன்னால் போட்டுவிட்டு அப்புறம் கிள்ளினால் விலையில் சச்சரவும் வராது. கிருஷ்ணகிரி அணைக்கட்டில் மீனைப் பக்கத்திலேயே வறுத்து விற்கிறார்களே, அந்த வழி இறாலுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

நம் ஆற்றில் பெரிய இறால் ஏன் அரிது என்ற கேள்விக்கு விடை மேட்டூரில் இருக்கிறது. பெரிய நன்னீர் இறாலின் குஞ்சு பொரித்த சில நாட்களுக்குள் உப்பும் நன்னீரும் கலந்த முகத்துவாரத் தண்ணீருக்குப் போய்ச் சேராவிட்டால் பிழைக்காது. 1960களின் தொடக்கத்தில் மலேசியாவில் ஷாவோ-வென் லிங் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த இறாலைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் வழியே பிறந்தது. வளர்ந்த குட்டிகள் பிறகு ஆற்றை எதிர்த்து ஏறி வரும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் அந்தப் பாதை அடைபட்டது. அணைக்கு மேலே பெரிய இனம் வேண்டுமென்றால் பொரிப்பகக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட வேண்டும். சின்ன இனங்கள் சில, எண்ணிக்கையில் குறைவாக ஆனால் அளவில் பெரிய முட்டைகள் இட்டு, முழு வாழ்க்கையையும் நன்னீரிலேயே முடித்துக்கொள்கின்றன.

ருசியிலும் வேறுபாடு உண்டு. கடல் இறால் உப்பை ஈடுகட்ட கிளைசின் போன்ற இனிக்கும் அமினோ அமிலங்களைச் சதையில் சேர்த்து வைக்கிறது. ஆற்று இறாலில் அது குறைவு, அதனால் தித்திப்பு மென்மையாக இருக்கும். ஆகவே மசாலாவைக் குறைத்துப் போடுங்கள், நேரத்தையும் குறையுங்கள். விரல் நீள இறாலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். சிவப்பு வந்துவிட்டதா என்று பாருங்கள். அந்தச் சிவப்பு முதலிலிருந்தே உள்ளே இருந்ததுதான். அஸ்டாசாந்தின் என்ற நிறமியை ஒரு புரதம் இறுக்கிப் பிடித்து, அதன் நிறத்தை நீலமாகவும் சாம்பலாகவும் மறைத்து வைத்திருக்கிறது. சூடு பட்டுப் புரதம் குலைந்ததும் நிறமி தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது.

தலைகளைத் தூக்கி எறியாதீர்கள், அன்றைக்குப் பிடித்ததாக இருந்தால். கடலை எண்ணெயைக் காயவைத்து, கழுவிய தலைகளைப் போட்டுக் கரண்டியால் நசுக்கினால், அஸ்டாசாந்தின் கொழுப்பில் கரையும் நிறமி என்பதால் எண்ணெய் ஒரு நிமிடத்தில் செம்மஞ்சளாகும். சதையைக் குழைக்கும் அதே மஞ்சள் உறுப்புதான் இப்போது வாணலியில் கொழுப்பாக இளகி மணக்கிறது. அதன் நொதிகள் சூட்டில் செத்துவிட்டன. தலைகளை அரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயிலேயே சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கிப் புளி ஊற்றுவோம் எங்கள் வீட்டில். கொதி வந்ததும் உரித்த இறாலைப் போட்டு இறக்கிவிடுவோம். பக்கத்தில் ராகிக் களி உருண்டை சூடாக இருக்கும்.