நெட் ஸ்லோ என்று ரவுட்டரை அப்டேட் செய்யாதீர்கள்

மறுபடியும் ஒரு செத்த ரவுட்டர் வந்துவிட்டது. இந்த முறை வேலூர் சத்துவாச்சாரியில் இருந்து. பவர் லைட் மட்டும் எரிகிறது, மற்றதெல்லாம் இருட்டு. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் அதே பதில்: "ஒண்ணும் பண்லண்ணா, அப்டேட்டு தான் குடுத்தேன்." எதற்கு என்றால், நெட் ஸ்லோவாக இருந்ததாம். வீடியோவில் யாரோ சொன்னாராம். வைஃபையிலேயே, போனில் இருந்தே ஃபைலை ஏற்றியிருக்கிறார். பாதியில் கரண்ட் போய்விட்டது.

காட்பாடியில் ரவுட்டர், மோடம் சர்வீஸ் பார்க்கிறேன். இப்படி வரும் போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அப்டேட் தேவையே இல்லை. அதுதான் எரிச்சல்.

ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளை, அப்டேட் செய்தால் நெட் வேகம் ஏறும் என்பதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. ஏறாது. கண்டக்டரை மாற்றினால் டவுன் பஸ் வேகமாகப் போய்விடுமா? உங்கள் வேகத்தை முடிவு செய்கிறவை வேறு. முதலில் நீங்கள் கட்டும் பிளான். அடுத்தது ரவுட்டரில் கேபிள் செருகும் லேன் போர்ட். டிபி-லிங்க் 841 போன்ற பழைய சின்ன ரவுட்டர்களில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும். 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டுவிட்டு 95-க்கு மேல் ஏறவில்லை என்றால், எந்த ஃபர்ம்வேராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது ஹார்டுவேரின் எல்லை.

அப்புறம் வைஃபை. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். காட்பாடியில் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடங்களில் அறைக்கு ஒரு ரவுட்டர். எல்லாரும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கிறார்கள். சேனலை மாற்றிப் பாருங்கள், ரவுட்டரிலும் போனிலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. கொசப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் சுவர் கனம் அதிகம். அங்கே ரவுட்டரைக் கொண்டுபோய் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, பின்கட்டில் சிக்னல் வரவில்லை என்கிறார்கள். எப்படி வரும்?

அடிக்கடி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறதா? முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஜன்னலோரம் செருகியிருக்கும் மலிவு அடாப்டருக்குள் கெப்பாசிட்டர் உப்பிப்போகும். லோடு ஏறினால் வோல்டேஜ் இறங்கும், போர்டு ரீஸ்டார்ட் ஆகும். மீட்டரில் சும்மா அளந்தால் சரியாகத்தான் காட்டும்.

எங்கே பிரச்சினை என்று வீட்டிலேயே பார்க்கலாம். லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து வேகம் பாருங்கள். கேபிளில் சரியாக வந்தால் குற்றம் வைஃபையில். கேபிளிலும் வரவில்லை, போர்ட் எல்லையும் காரணமில்லை என்றால் நெட் இணைப்பு கொடுத்த லைன்காரருக்குப் போன் செய்யுங்கள். வேகம் குறையும் கோளாறைக் கம்பெனியே சரிசெய்து அப்டேட் விடுவதும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி இருந்தால் அந்த ஃபர்ம்வேரின் குறிப்பிலேயே எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

அப்டேட்டே வேண்டாமா? வேண்டும், காரணம் பாதுகாப்பாக இருந்தால். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, அந்த அக்டோபரில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்ததும் அதே மாதிரியான பாஸ்வேர்டு கோளாறால்தான். 2025 ஜூனில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, டிபி-லிங்க் 740, 841, 940 வரிசைகளின் சில பழைய வெர்ஷன்களில் உள்ள ஓட்டை உண்மையான தாக்குதல்களில் பயன்படுகிறது என்று தன் பட்டியலில் சேர்த்தது. நம்மூரில் அந்த வரிசைகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜ் வைத்திருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வைத்தியத்துக்கு வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் உங்கள் வைஃபையில்தான் இருக்கிறார்கள். அந்த ரவுட்டரில் யாராவது புகுந்து, தளத்தின் பெயரை வைத்து முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினால், அவர்களைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். தயவுசெய்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியில் இருந்து நுழையும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். பாதி ஆபத்து இதிலேயே போய்விடும். கம்பெனி கைவிட்ட மாடல் என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். வராத அப்டேட்டுக்காகக் காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

சரி, பாதுகாப்பு அப்டேட் வந்திருக்கிறது, செய்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண் மட்டும் போதாது, வெர்ஷன் வேண்டும். 841-இன் 9-ஆம் வெர்ஷனில் குவால்காம் சிப், 13-இல் மீடியாடெக். பெயர்தான் ஒன்று, போர்டு வேறு. இந்தியாவுக்கான ஃபைலையே கம்பெனியின் தளத்தில் இருந்து எடுங்கள். ஜிப்பை விரித்து உள்ளே இருப்பதை ஏற்றுங்கள். ஜிப்பையே ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கேபிளில் செய்யுங்கள், வைஃபையில் வேண்டாம். செட்டிங்ஸை முதலில் சேமியுங்கள், லைன்காரர் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வையுங்கள். மின்வாரியம் பராமரிப்பு என்று அறிவித்த நாளில் தொடவே தொடாதீர்கள். மற்ற நாளிலும் சின்ன ரவுட்டர் யுபிஎஸ் இருந்தால் நல்லது. பட்டனை அழுத்தியபின் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். லைட் மின்னவில்லை என்று ரீசெட்டைக் குத்தினால் நீங்களே கொன்றதாகும். ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் இது எதுவும் வேண்டாம். அவர்களே தொலைவிலிருந்து ஏற்றிக்கொள்வார்கள்.

அடுத்த கூட்டம், கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதிலாக ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரைப் போடும் இன்ஜினியரிங் தம்பிகள். ஆர்வம் நல்லதுதான், எனக்கும் அது பிடித்தமான வேலை. ஆனால் அதன் 21.02 வெளியீட்டில் இருந்து குறைந்தது 8 எம்பி ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் பதிந்திருக்கும் சிப்), 64 எம்பி ராம் வேண்டும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள போர்டுகளில் மல்லுக்கட்டாதீர்கள். 19.07-இல் இருந்து மேலே போகும்போது பல போர்டுகளில் லேன் போர்ட்களைக் கையாளும் ஸ்விட்ச் அமைப்பே மாறியது. அங்கே பழைய செட்டிங்ஸை வைத்துக்கொண்டு ஏற்றினால் லேன் வராது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. செத்த போர்டை எழுப்ப, நண்பனின் அதே மாடலில் இருந்து ஃபிளாஷ் சிப்பை முழுசாகக் காப்பி எடுத்து இதில் எழுதிவிடுகிறார்கள். போர்டு எழுந்துவிடும், லைட் எல்லாம் எரியும். ஆனால் வைஃபை ஹாலைத் தாண்டாது, ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனியாக இருக்கவேண்டிய மேக் முகவரியும் நண்பனுடையது. காரணம், ஃபிளாஷில் சின்னதாக ஒரு பகுதி இருக்கிறது. ஏதராஸ் (இப்போது குவால்காம்) சிப் போர்டுகளில் அதற்கு ஆர்ட் என்று பெயர், பெரும்பாலும் 64 கேபிதான். மீடியாடெக்கில் ஃபேக்டரி என்பார்கள். ஒவ்வொரு போர்டின் வைஃபை ரேடியோவையும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து எழுதிய கணக்கு அதில் இருக்கிறது. அதன்மேல் எழுதிவிட்டால் திரும்பி வராது. கம்பெனி தளத்தில் கிடைக்காது, என்னிடமும் இருக்காது. ஓபன்டபிள்யூஆர்டியின் பேக்கப் பக்கத்திலேயே ஒவ்வொரு பகுதியையும் சேமிக்க வசதி இருக்கிறது. போர்டு உயிரோடு இருக்கும்போதே அந்தப் பகுதியை எடுத்து, போர்டின் பெயரைப் போட்டு, வேறு இடத்தில் வையுங்கள். ஒரு நிமிட வேலை, ஏன் செய்யமாட்டேன் என்கிறீர்கள்?

(போர்டின் சீரியல் பின்னில் ஒயர் போடுகிறவர்களுக்கு: அது பெரும்பாலும் 3.3 வோல்ட். சிப்பில் எழுதப் பயன்படும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர் பலவற்றில் டேட்டா லைனில் 5 வோல்ட் வருகிறது. அளந்துவிட்டு மாட்டுங்கள்.)

இவ்வளவுக்கும் பிறகு போர்டு நின்றுவிட்டால் பதறாதீர்கள். நிறைய மாடல்களில் முதலில் ஓடி ஃபர்ம்வேரைக் கிளப்பிவிடும் பூட்லோடர் பிழைத்திருக்கும், ரீசெட்டை அழுத்திக்கொண்டே பவர் கொடுத்து நல்ல ஃபர்ம்வேரை மறுபடி ஏற்ற வழி இருக்கும். உங்கள் மாடலுக்கு அது எப்படி என்று தெரியாமல் வேறு வேறு ஃபைலை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஆஃப் செய்துவிட்டு எடுத்து வாருங்கள். எந்த ஃபைலைப் போட்டீர்கள், எந்த நிலையில் நின்றது என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் என் வேலையும் சுலபம், உங்கள் செலவும் குறைவு.