ரெண்டு லைன் போன் வாங்கறதுக்கு முன்னாடி சுவத்துல வர்ற ஒயரைப் பாருங்க

போன மாசம் சேலத்துல ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. புதுசா ரெண்டு லைன் டெஸ்க் போன், அதாவது ரெண்டு நம்பரும் ஒரே போன்ல வர்ற மாதிரி ஒண்ணு, வாங்கி மாட்டியிருக்காங்க, லைன் 1 நல்லா பேசுது, லைன் 2 செத்துக் கிடக்கு, போன் பழுது, கடைல திருப்பிக் குடுக்கப் போறோம், ஒரு தடவை நீங்க வந்து பாத்துட்டு சொல்லுங்கண்ணேன்னு கேட்டாங்க. போனேன். போன்ல ஒரு குறையும் இல்ல. ரோசட் பாக்ஸ்ல, அதான் சுவத்துல லைன் வந்து முடியற சின்ன பெட்டில இருந்து போனுக்கு வர்ற ஒயரைக் கழட்டி, அதோட முனையில இருக்கற அந்த கண்ணாடி மாதிரி ஜாக்கை ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா உள்ள ரெண்டே ரெண்டு பின்னுதான் மின்னுது. ஒரு லைனுக்கு ரெண்டு கம்பி வேணும், ரெண்டு லைனுக்கு நாலு கம்பி வேணும், நடுவுல இருக்கற ஜோடி லைன் 1, ஓரத்துல இருக்கற ஜோடி லைன் 2. பெட்டியோட வந்த நாலு கம்பி ஒயர் மேஜை வரைக்கும் எட்டலன்னு பழைய போனோட நீள ஒயரை எடுத்து சொருகியிருக்காங்க, அது ரெண்டு கம்பி ஒயர். நாலு கம்பில நீள ஒயர் ஒண்ணு போட்டதும் லைன் 2 லைட்டு எரிஞ்சுது.

இந்த வேலைக்கு வந்து 20 வருஷம் ஆச்சு, போன் பழுதுன்னு கூப்பிடற வீடுகள்லயும் ஆபீஸ்கள்லயும் பாதிக்கு மேல பழுது போனுக்கு வெளியதான் இருக்கு. அதனால போன் வாங்கணும்னு யார் கேட்டாலும் மாடலை நான் கடைசியா தான் பேசுவேன். முதல்ல கேக்கறது, ஒரே நேரத்துல உங்க ஆபீஸ்ல எத்தன பேர் பேசணும்? இதை யோசிக்காமயே நிறைய பேர் வாங்கிடறாங்க. ரெண்டு லைன் போன்னா ரெண்டு பேர் பேசலாம்னு நினைக்கறாங்க, அதுல ரிசீவர் ஒண்ணுதானே. ஒரு ஆளே ரெண்டு காலையும் சமாளிக்கறதுக்கான போன் அது. கிளினிக் ரிசெப்ஷன்ல ஒரு பொண்ணு டோக்கன் குடுத்துக்கிட்டு இருக்கும்போது இன்னொரு நம்பர்ல அடிக்கும், முதல் ஆளை ஹோல்ட்ல போட்டுட்டு ரெண்டாவதை எடுக்கணும், அந்த மாதிரி இடத்துக்கு இது ரொம்ப சரியான போன். ரெண்டு பேர் ரெண்டு மேஜைல தனித்தனியா பேசணும்னா அதே மாதிரி ரெண்டு போனை ரெண்டு லைன்லயும் பேரலல் போட்டுக்கலாம், அதாவது ரெண்டு போனையும் அதே லைன்கள்ல சேத்து மாட்டிக்கலாம், ஒருத்தர் எந்த லைன்ல இருக்காருன்னு அடுத்த மேஜைல லைட்டு காட்டும். அதுக்கு மேல ஆள் இருந்தா, உள்ளுக்குள்ள காலை மாத்திவிடணும்னா, 2+6, 3+8ன்னு (வெளி லைன் ரெண்டு, உள்ள போன் ஆறு, இந்த மாதிரி கணக்கு) வர்ற சின்ன இன்டர்காம் பாக்ஸ் வாங்கறதுதான் நல்லது, போனுக்கு போன் பேரலல் இழுத்துக்கிட்டே போனா மணி அடிக்கறதே பலவீனமாயிடும். பட்டன் நிறைய இருக்கற கீ போன் வேணும்னா அது அந்தந்த கம்பெனி பாக்ஸோட தான் வேலை செய்யும், பழைய சாமான் கடைல அழகா இருக்குன்னு தனியா தூக்கிட்டு வந்துடாதீங்க.

கடைல போனைக் கையில எடுத்துப் பாருங்க. ரிசீவரை சுருள் ஒயரோட ஒரு முழம் இழுத்தா போன் மேஜைல நகரக் கூடாது, லேசான போன் வழுக்கிட்டு கீழ விழும், ஆபீஸ்ல போன் உடையறது பெரும்பாலும் இப்படித்தான். அப்பறம் ஹோல்ட். விலை கம்மியான சிலதுல ஹோல்ட்டுன்னு எழுதியிருக்கும், ரிசீவரைக் கீழ வெச்சதும் கால் கட் ஆயிடும், அது ஹோல்ட் இல்ல, சும்மா மியூட். கடைக்காரர்கிட்ட லைன் குடுக்கச் சொல்லி ஹோல்ட் அமுக்கி ரிசீவரை வெச்சுட்டு திரும்ப எடுத்துப் பாத்துட்டு தான் காசு குடுங்க. அமெரிக்கால இருந்து சொந்தக்காரங்க கொண்டு வந்த போன் நல்ல போனாத்தான் இருக்கும், ஆனா நம்மூர் லைன்ல நிறைய இடத்துல கூப்பிடறவங்க நம்பர் டிடிஎம்எஃப்ங்கற முறைல வரும், அந்த போன் எஃப்எஸ்கேங்கற இன்னொரு முறையை மட்டும் படிக்கற போனா இருந்தா யார் கூப்பிடறாங்கன்னு திரைல ஒண்ணும் வராது.

கரண்ட் விஷயத்துல தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. பழைய காப்பர் லைன்ல எக்ஸ்சேஞ்சுல இருந்தே 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் சாதா போன் பேசும். இப்ப காப்பரை எடுத்துட்டு ஃபைபர் மாத்திட்டு வர்றாங்க, ஃபைபர்ல கரண்ட் வராது, போனுக்கு உயிர் குடுக்கறது ஃபைபர் வந்து சேர்ற, உங்க சுவத்துல மாட்டியிருக்கற அந்த ஓஎன்டி பெட்டிதான், அது அணைஞ்சா போனும் அணையும். அதுக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒண்ணு மாட்டிடுங்க. போனுக்கே தனியா அடாப்டர் இருந்தா அதையும் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ல சேருங்க. இன்னும் காப்பர்லயே இருக்கறவங்க இடி மின்னல் அடிக்கும்போது லைன் ஒயரைக் கழட்டி வெச்சுடுங்க, சித்திரை மாச கோடை மழைல எத்தன போர்டு கருகி என்கிட்ட வந்திருக்கு.

ரெண்டு நம்பர் இருந்தா எக்ஸ்சேஞ்சுல சொல்லி ஹன்டிங் போட்டுக்கோங்க. வெளிய ஒரே நம்பர் குடுத்தா போதும், அது பிஸியா இருந்தா கால் தானா ரெண்டாவதுக்குப் போகும். இது இல்லாம ரெண்டு லைன் போன் வெச்சிருக்கறவங்க ஆபீஸ்ல லைன் 2 பாவம் மாசக்கணக்குல அடிக்கறதே இல்ல.

அப்பறம் ஜீரோ லாக். முன்னாடி பசங்க எஸ்டிடி பேசிடக் கூடாதுன்னு எல்லா ஆபீஸ்லயும் ஜீரோவைப் பூட்டி வெச்சிருப்பாங்க. 2021 ஜனவரி 15ல இருந்து லேண்ட்லைன்ல இருந்து எந்த மொபைலுக்கு அடிச்சாலும் முன்னாடி 0 போட்டாகணும், அந்தப் பூட்டு இன்னும் இருந்தா ஒரு மொபைலுக்கும் போகாது. இன்டர்காம் பாக்ஸ்ல லைன் எடுக்கவே 0ன்னா ரெண்டு ஜீரோ அமுக்கணும். ஸ்பீட் டயல்ல பழைய நம்பர் இருந்தா அதையும் மாத்துங்க.

ஐபி போன், அதான் இன்டர்நெட் வழியா பேசற போன், போடறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஒரு காலுக்கு 100 கேபிபிஎஸ் கூட ஆகாது, நெட் வேகத்தை நினைச்சு பயப்பட வேண்டாம், ஆனா போன்லயும் அந்த போன்களை இணைக்கற சர்வர்லயும் கம்பெனி குடுத்த அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விடாதீங்க. வெளிய இருந்து உள்ள நுழைஞ்சு ராத்திரியெல்லாம் வெளிநாட்டுக்கு கால் போட்டுட்டு போயிடறாங்க, பில்லு வந்தப்பறம் தான் தெரியும். ஐஎஸ்டி தேவையில்லாத ஆபீஸ்னா அதை மூடியே வைக்கச் சொல்லுங்க.

அந்த லாரி ஆபீஸ்ல ஒயர் மாத்தினதோட நிக்கல. அங்க ஒருத்தர் லோடு பேசறாரு, இன்னொருத்தர் டிரைவர்ங்க கிட்ட பேசறாரு, ரெண்டும் ஒரே நேரத்துல. அதே போன் இன்னொண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி ரெண்டாவது மேஜைல பேரலல் போட்டேன், ஓஎன்டிக்கு யுபிஎஸ் மாட்டினேன், ஹன்டிங்குக்கு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.