சட்னி அரைத்தால் படம் நிற்கிறது

திருச்சியில் ஒரு வாடிக்கையாளர். மாடி அறை டி.வி. காலையில் மட்டும் நின்று நின்று ஓடுகிறது என்றார். நெட் கம்பெனி ஆட்களை நாலு தடவை வரவழைத்திருக்கிறார். அவர்கள் பதினோரு மணிக்கு வந்து பார்ப்பார்கள், படம் கண்ணாடி மாதிரி ஓடும், "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஏழேகாலுக்கே போய் உட்கார்ந்தேன்.

ரவுட்டர் கீழே ஹாலில். அதன் பக்கத்து பிளக்கில் பவர்லைன் அடாப்டர் ஒன்று, மாடியில் டி.வி.க்குப் பின்னால் அதன் ஜோடி. வீட்டு கரண்ட் ஒயர் வழியாகவே டேட்டாவைக் கொண்டுபோகும் சாதனம் இது. போனில் அதன் ஆப்பைத் திறந்து வைத்தேன். இணைப்பு வேகம் 180 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை மெகாபிட்) என்று காட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று 20-க்கு இறங்கியது. அடுக்களையில் மிக்ஸி ஓடுகிற சத்தம். மிக்ஸி நின்றது, மறுபடி 170, 180. "அம்மா, இன்னொரு தடவை போடுங்க" என்றேன். "சட்னி அரைச்சாச்சே தம்பி" என்று சொல்லிக்கொண்டே வெறும் ஜாரை வைத்து ஓட்டிக் காட்டினார். மறுபடி 20.

விஷயம் இதுதான். ஒயரில் வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் அதே ஒயரில் சுமார் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண்ணில் தன் சிக்னலை ஏற்றிவிடுகிறது. புதிய மாடல்கள் 86 மெகாஹெர்ட்ஸ் வரை போகின்றன. மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பறக்கும் தீப்பொறி அதே அலைவரிசைகளில் இரைச்சலைக் கொட்டுகிறது. மலிவான எல்.இ.டி. பல்பும், ரோட்டோரத்தில் வாங்கிய சார்ஜரும் கொஞ்சம் குறைந்த அளவில் அதே வேலையைத்தான் செய்கின்றன.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம். 600 என்று போட்டிருக்கும். அது ஒயருக்குள் ஓடக்கூடிய அதிகபட்சம் என்று காகிதத்தில் போட்ட கணக்கு. பல 600 மாடல்களில் நெட் ஒயர் செருகும் லேன் போர்ட்டே 100 எம்.பி.பி.எஸ். தான். நம்மூர் வீடுகளில் டி.வி. முனையில் நான் அளந்தவரை நிஜமாக 40 முதல் 80 கிடைத்தால் நல்ல ஒயரிங். அதுவே போதும். ஃபுல் எச்.டி. படத்துக்கு 5 முதல் 8, நெட்டில் வரும் 4கே படத்துக்கு 15 முதல் 25 இருந்தால் ஓடிவிடும். சி.டி. தரத்தில் பாட்டு கேட்க 1.4 எம்.பி.பி.எஸ். போதும். ஆகவே வேகத்தைவிட, அது ஒரே சீராக வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஃபேஸ். த்ரீ ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் ஹால் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொரு ஃபேஸிலும் இருக்கலாம். ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்கு சிக்னல் ஓரளவு கசிந்து போகும், ஆனால் பலவீனமாகத்தான். லோ வோல்டேஜ் என்று யாராவது ஃபேஸ் செலக்டரைத் திருப்பினால், நேற்று ஓடியது இன்று ஓடாது. "தானாவே கெட்டுப்போச்சு" என்று வரும் அழைப்புகளில் நான் முதலில் கேட்பது, "நேத்து ஃபேஸ் மாத்தினீங்களா?" என்றுதான். இன்வெர்ட்டர் லைன் இன்னொரு தலைவலி. ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் பாயிண்ட்டிலும் மற்றது மெயின் பாயிண்ட்டிலும் இருந்தால் கரண்ட் போனதும் ஜோடியில் ஒன்று செத்துவிடும்.

ஸ்பைக் பஸ்டரில் அடாப்டரைச் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் ஃபில்டருக்கு இரைச்சல் எது, உங்கள் படம் எது என்று தெரியாது, இரண்டையும் விழுங்கிவிடும். நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். மூன்று பின் உள்ள மாடல்களில் சில, எர்த் ஒயரையும் சேர்த்து டேட்டா அனுப்பும். பழைய வீடுகளில் அந்த எர்த் பின்னுக்குப் பின்னால் ஒயரே இல்லாததைப் பார்த்திருக்கிறேன். அங்கே படம் ஓடுவது இரண்டாவது கவலை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுக்கக வாசிகளுக்கு ஒன்று. மீட்டர் பெட்டியோடு சிக்னல் நின்றுவிடும் என்று சட்டம் எதுவும் இல்லை, பக்கத்து வீட்டு ஒயருக்கும் போகும். ஹோம்பிளக் ஏவி என்ற தரநிலையில் வரும் பவர்லைன் அடாப்டர்களுக்கு ஆலையில் வைத்த பொதுச் சாவி, அதாவது பாஸ்வேர்ட் மாதிரியான குறியீடு, ஒன்றுதான். இரண்டு வீட்டிலும் அதே வகையை வாங்கி அப்படியே மாட்டினால், கீழ் வீட்டு டி.வி.யின் பெயர் உங்கள் போனில் வரலாம். 'Pair' என்று போட்டிருக்கும் பட்டனை இரண்டு அடாப்டரிலும் அழுத்தி உங்களுக்கென்று தனிச் சாவி போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

கேபிள் டி.வி. ஒயர் வழியாக அனுப்பும் மோகா என்ற முறையும் இருக்கிறது. கரண்ட் ஒயரைவிடப் பல மடங்கு நிதானமானது. ஆனால் அது 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. டி.டி.எச். டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 வரை. இரண்டும் ஒரே ஒயரில் போனால் மோதிக்கொள்ளும். டிஷ் ஒயரில் மோகாவை மாட்டாதீர்கள். கைவிடப்பட்ட பழைய கேபிள் ஒயர் இருந்தால் தாராளமாக மாட்டலாம்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் ஒயரையும் லேன் ஒயரையும் திணிப்பதை மட்டும் செய்யவே கூடாது. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று முனகல் வருவது சின்ன விஷயம். ஒரு இடத்தில் இன்சுலேஷன் கிழிந்தால் டி.வி.க்குள்ளும் கைக்குள்ளும் 230 வோல்ட் வந்துவிடும்.

சரி, அந்தத் திருச்சி வீடு. மிக்ஸி பாயிண்ட்டில் ஒரு ஃபில்டர் போட்டுப் பார்த்தேன், 20 என்பது 60 ஆனது. அவருக்குத் திருப்தி, எனக்கு இல்லை. மாடியில் பீரோவுக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி தெரிந்தது. திறந்தால் பழைய கேபிள் டி.வி. ஒயர். டி.டி.எச். வந்த பிறகு யாரும் தொடாதது, மறு முனை ஹாலில். அதற்கென்றே தனி பைப். அந்த ஒயரின் நுனியில் கேட் 6 லேன் ஒயரைக் கட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி, நான் மேலிருந்து தள்ள, பையன் கீழிருந்து இழுத்தான். ஒரு வளைவில் மட்டும் பத்து நிமிடம் மக்கர் செய்தது. கழற்றிய அடாப்டர் ஜோடியை அவர் மொட்டை மாடிக் கேமராவுக்கு வைத்துக்கொண்டார்.