கரி டப்பாவும் நம் ஊர் ஈரக்காற்றும்

முகக்கவசத்தின் முன்னால் திருகி மாட்டும் டப்பாவை ஃபில்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரைக் கேட்டதும் தேத்தண்ணி வடிகட்டிதான் நினைவுக்கு வரும்: சக்கை மேலே நிற்கும், தேத்தண்ணி கீழே இறங்கும். நச்சுவாயு அப்படி நிற்காது. அதன் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, எந்தச் சல்லடையிலும் சிக்காதவை. டப்பாவுக்குள் இருப்பது கரி. வாயு அந்தக் கரியில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்ட இடம் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. இடம் நிரம்பிவிட்டால் வாயு நேராக மூச்சில் கலக்கும். சிங்கப்பூரின் தொழிற்பகுதிகளான ஜூரோங் தீவிலும் துவாசிலும் நிறுவனங்களின் அவசரகாலக் குழுக்களில் இருக்கும் நம்மவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதுதான்.

நல்ல ஃபில்டர்களுக்குப் பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டைக் கரிதான். அதிக வெப்பத்தில் நீராவியைப் பாய்ச்சி அதில் நுண்துளைகளை உண்டாக்குவார்கள். ஒரு கிராம் கரியில் சுமார் 1,000 சதுர மீட்டர் உள்பரப்பு கிடைக்கும். பென்சீன், டொலுயீன் போன்ற கரைப்பான் ஆவிகளுக்கு அதுவே போதும். அம்மோனியாவின் கொதிநிலையோ மைனஸ் 33 டிகிரி. அது வெறுங்கரியில் தங்காது. அதைப் பிடிக்க, அதனோடு வினைபுரியும் உலோக உப்புகளைக் கரியில் ஊறவைக்க வேண்டும். ஹைட்ரஜன் சயனைடு போன்றவற்றுக்குச் செம்பு, துத்தநாகச் சேர்மங்கள். முன்பு குரோமியமும் சேர்த்தார்கள். அதன் ஒரு வடிவம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் இராணுவக் கரிகளில் மாலிப்டினம் அந்த இடத்தைப் பிடித்தது.

தயாரிப்பவர்களுக்குத் தலைவலியே இங்குதான். உப்பைக் கூட்டினால் துளைகள் அடைபட்டு, கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் திறன் குறையும். கரியைக் கூட்டினால் எடையும் மூச்சுத் தடையும் ஏறும். முழு முகக்கவசத்தில் நேராக மாட்டும் ஃபில்டர் 500 கிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை. எல்லா வாயுவுக்கும் ஒரே டப்பா என்பது எப்போதும் ஒரு சமரசம்தான்.

டப்பாவைச் சுற்றியுள்ள பட்டையைப் பாருங்கள். பழுப்பு நிறம் கரைப்பான் ஆவிக்கு, சாம்பல் குளோரின், ஹைட்ரஜன் சல்ஃபைடு வகைக்கு, மஞ்சள் கந்தக டை ஆக்சைடுக்கு, பச்சை அம்மோனியாவுக்கு, வெள்ளை தூசுக்கு. பழுப்புப் பட்டை மட்டும் உள்ள டப்பாவோடு அம்மோனியா கசியும் குளிர்பதனக் கிடங்குக்குள் போனால், முகத்தில் கவசம் இருந்தும் இல்லாத கதைதான். பியூட்டடையீன் போல 65 டிகிரிக்குக் கீழே கொதிக்கும் பொருள்களுக்கு 'ஏஎக்ஸ்' என்று குறித்த தனி வகை வேண்டும். அதை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது.

இனி நம் ஊர்க் காற்று. 'கே2' அம்மோனியா ஃபில்டர் 5,000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு வாயு) செறிவில் குறைந்தது 40 நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது ஐரோப்பியச் சோதனை. அந்தச் சோதனையில் நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்று, 20 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம். காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு படியேறுபவர் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் இழுப்பார், நேரம் பாதியாகிவிடும். இங்கே சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல், விடியற்காலையில் இன்னும் அதிகம். திறந்து வைத்த ஃபில்டரில் வாயுவுக்கு முன்னால் நீராவி போய்த் துளைகளில் உட்கார்ந்துகொள்ளும். தராசில் வைத்தால் எடை கூடியிருப்பது தெரியும். கரைப்பான் ஆவிக்கு இது பெரும் இழப்பு. நீரில் எளிதில் கரையும் அம்மோனியாவுக்கு ஓரளவு ஈரம் உதவவும் செய்யும் என்பதால், 'ஈரம் பட்டது, கெட்டது' என்று எல்லாவற்றுக்கும் ஒரே விதி சொல்ல முடியாது. ஆகவே உறையைத் திறக்கும் நேரத்தையும் தேதியையும் டப்பாவிலேயே எழுதுங்கள். மூடியைக் கழற்றி வண்டியில் தொங்கவிடாதீர்கள்.

கீழே விழுந்த ஃபில்டரையும் ஒதுக்கிவிடுங்கள். ஐரோப்பியச் சோதனைக்கு முன் ஃபில்டரை 20 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 2,000 முறை தட்டுவார்கள். படிக்கட்டிலிருந்து எறிய மாட்டார்கள். அடி பலமாகப் பட்டால் கரிமணிகள் ஒதுங்கி ஓரமாக ஒரு வழி திறக்கும். காற்று அந்த வழியாகவே ஓடும், மீதிக் கரி சும்மா கிடக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. பாதி பயன்படுத்தி இரவு வைத்த ஃபில்டரிலும் ஆபத்து உண்டு: பிடித்த ஆவி மெல்ல உள்பக்கம் நகர்ந்து, மறுநாள் முதல் மூச்சிலேயே வெளிவரலாம்.

கார்பன் மோனாக்சைடை இந்தக் கரி பிடிக்காது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் எந்த ஃபில்டரும் உதவாது. எந்த வாயு, எவ்வளவு செறிவு என்று தெரியாத இடத்துக்குக் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி மட்டுமே. அது கைவசம் இல்லையென்றால் உள்ளே போகாமல், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, வாயு உங்கள் மேல் வராதபடி நின்று, அவசர உதவிக்கு 995ஐ அழையுங்கள்.

வாடை வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும். அழுகிய முட்டை வாடை மறைந்துவிடும், வாயு மறைந்திருக்காது. குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவருக்கு அம்மோனியா வாடை பழகியே போயிருக்கும். வாயு, செறிவு, வேலையின் கடுமை மூன்றையும் வைத்து, எத்தனை நிமிடத்தில் மாற்றுவது என்று உங்கள் பாதுகாப்பு அதிகாரியோடு முன்கூட்டியே கணக்கிடுங்கள். உள்ளே போகிறவரின் நேரத்தை வெளியே நிற்கும் ஒருவர் கடிகாரத்தோடு கவனிக்கட்டும். அவர் கூப்பிட்டதும், மூச்சு சுகமாகத்தான் இருக்கிறது என்றாலும், வெளியே வந்துவிடுங்கள்.